வார்டு குழுவில் யார் அமர்வது, அவரை யார் தேர்ந்தெடுப்பது?
வாசகர் கேள்வி – பதில்

உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களில் பொதுமக்கள் எப்படிச் சேர்க்கப்படுகிறார்கள், யார் அவர்களைச் சேர்க்கிறார்கள் என்று பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றிய கேள்விகளாக இருப்பதால், இந்த இதழில் பகுதியின் முழு இடமும் அவற்றுக்கே தரப்படுகிறது.

*

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பகுதி சபைப் பிரதிநிதி என்று ஒருவர் இருக்கிறாராம். நாங்கள் யாரும் அவருக்கு வாக்களித்ததில்லை. அவரை யார், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார்கள்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: நீங்கள் வாக்களிக்காததற்குக் காரணம், அந்தப் பொறுப்புக்குத் தேர்தல் என்பதே இல்லை. தமிழ்நாடு அரசு 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளின்படி, நகர்ப்புற உள்ளாட்சியின் ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பேரூராட்சி வார்டு என்றால் 3 பகுதிகள், நகராட்சி வார்டு என்றால் 4 பகுதிகள். மாநகராட்சிகளில் மக்கள்தொகையைப் பொறுத்து இந்த எண்ணிக்கை கூடி, 10 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மாநகராட்சியில் வார்டுக்கு 10 பகுதிகள் வரை போகிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் பகுதி சபையின் உறுப்பினர்கள். ஆகவே நீங்களும் உறுப்பினர்தான். சபைக்கு ஒரு பிரதிநிதி உண்டு. ஒரு வார்டின் எல்லாப் பகுதிகளுடைய பிரதிநிதிகளும் சேர்ந்து, அந்த வார்டின் கவுன்சிலரைத் தலைவராகக் கொண்டு அமர்வதுதான் வார்டு குழு.

அந்தப் பிரதிநிதியை நியமிக்கும் அதிகாரத்தை விதிகள் கவுன்சிலர்கள் கூடும் உள்ளாட்சி மன்றத்திடம் கொடுத்திருக்கின்றன. காகிதத்தில் அது மன்றத்தின் தீர்மானம். நடைமுறையில் பெரும்பாலும் அந்தந்த வார்டு கவுன்சிலர் எழுதிக் கொடுக்கும் பெயர்களே தீர்மானத்தில் இடம்பெறுகின்றன. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகளுக்கும் சேர்த்து 2,000 பிரதிநிதிகள் என்பதைக் கணக்கில் கொண்டால், மன்றக் கூட்டத்தில் ஒவ்வொரு பெயரையும் எடுத்து விவாதிப்பது எவ்வளவு தூரம் நடக்கக்கூடியது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்றது. ஆனால் அந்தக் குழுவில் யார் யார் இருப்பது, அந்த இடங்களை எப்படி நிரப்புவது என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின்கீழ் நிதி பெற, மக்கள் பங்கேற்புக்கென்று மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. தமிழ்நாட்டில் 2010 இல் சட்டம் திருத்தப்பட்டது; விதிகள் வருவதற்கு மேலும் 12 ஆண்டுகள் ஆயின. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சிகள் தினத்தில், பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டம் உங்கள் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில்தான் நடந்தது.

நியமனம் என்பதாலேயே ஒரு குழு கெட்டுவிடுவதில்லை. உலகில் பெரும்பாலான நகரங்களின் ஆலோசனைக் குழுக்கள் நியமனத்தால் அமைபவைதான். அந்த நியமனம் நடக்கப்போகிறது என்பது தெருவில் யாருக்கும் முன்கூட்டியே தெரியாமல் போவதுதான் இதில் உள்ள குறை. யாருக்கு ஆலோசனை தேவையோ அவரே, யாரிடமும் சொல்லாமல், தமக்கு ஆலோசனை சொல்பவர்களைப் பொறுக்கிக்கொண்டால், அந்தக் குழுவின் வாயிலிருந்து அவர் கேட்கப்போவது பெரும்பாலும் தம்முடைய குரலைத்தான். விண்ணப்பங்களைக் கோரி, வந்தவர்களின் பட்டியலை வெளியிட்டு, அதிலிருந்து நியமிப்பது என்று மன்றம் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டால் நிலைமை வெகுவாக மாறிவிடும். அதற்குச் செலவும் பெரிதாக இல்லை.

*

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். வார்டு குழுவில் தொண்டாற்ற விரும்புகிறேன். விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று மண்டல அலுவலகத்தில் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐயா, படிவம் இல்லை என்று அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கக்கூடும். அதற்காக உங்கள் விருப்பத்தை எழுத்தில் தருவதை யாரும் தடுக்க முடியாது. உங்கள் பெயர், முகவரி, வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண், எந்தப் பகுதி சபைக்கு உட்பட்டவர் என்ற விவரம், எந்தப் பணியில் உங்களுக்கு அனுபவம் உண்டு என்ற நான்கைந்து வரிகள் ஆகியவற்றோடு ஒரு மனுவை ஆணையருக்கும், அதன் நகலை மேயருக்கும் கவுன்சிலருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பு காலியாகும்போது, யாரும் முன்வரவில்லை என்று சொல்ல முடியாதபடி அது ஓர் ஆவணமாக இருக்கும்.

அதற்கு முன்னால், உங்கள் வார்டு குழுவைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறுவது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் 4 ஆவது பிரிவை நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். ஒரு பொது அதிகார அமைப்பு, தன் அங்கமாகவோ தனக்கு ஆலோசனை சொல்வதற்காகவோ அமைக்கப்பட்டிருக்கும், இரண்டோ அதற்கு மேலோ உறுப்பினர்கள் கொண்ட குழுக்களின் விவரத்தை, யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது அது. அந்தக் குழுக்களின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை அவர்கள் பார்க்கலாமா என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். வார்டு குழு இந்த வரையறைக்குள் சரியாகப் பொருந்துகிறது.

வெளியிடப்படவில்லை என்றால் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு செய்யுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேள்விகளைச் சுருக்கமாகவும் ஆவணத்தைச் சுட்டியும் எழுதுங்கள்: உங்கள் வார்டின் பகுதி சபைப் பிரதிநிதிகளை நியமித்த மன்றத் தீர்மானத்தின் எண்ணும் நாளும் என்ன, தீர்மானத்தின் நகல் வேண்டும், நியமனத்துக்கு முன் அறிவிப்பு ஏதும் வெளியிடப்பட்டிருந்தால் அதன் நகல் வேண்டும், வார்டு குழு இதுவரை கூடிய நாட்களும் நடவடிக்கைக் குறிப்புகளும் வேண்டும். 'ஏன் இவரை நியமித்தீர்கள்' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் மனுவுக்கு, அப்படிப்பட்ட ஆவணம் ஏதும் இல்லை என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும்.

விண்ணப்பம் கோரி நியமிப்பது நம் அலுவலகங்களுக்குப் பழக்கமில்லாத வேலை என்றும் சொல்ல முடியாது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிப்பதற்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் திருத்த மசோதாக்கள் நிறைவேறின. அதன்பின் அதே ஆண்டு ஜூலையில் தகுதியுள்ளவர்களிடமிருந்து விண்ணப்பங்கள் வெளிப்படையாகக் கோரப்பட்டன. மன்ற உறுப்பினர் பதவிக்கே விண்ணப்பம் வாங்கி நியமிக்க முடிகிறபோது, வார்டு குழுவுக்கு அது முடியாது என்று சொல்ல நியாயம் இல்லை.

*

கேள்வி: இந்தக் குழுக்களில் கட்சிக்காரர்களையே போட்டு நிரப்புகிறார்கள். கட்சியில் இருப்பவர்கள் உறுப்பினராகக் கூடாது என்று விதி செய்தால் என்ன?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் சொல்லும் தீர்வை நான் ஏற்கவில்லை. கட்சியில் இருப்பது ஒரு குடிமகனின் உரிமை. கட்சி வேலையில் தெருத் தெருவாக நடந்து, எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்து வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களைத் தள்ளிவைத்தால், உறுப்பினர் அட்டை இல்லாத அதே கட்சி ஆதரவாளர்கள் அந்த இடத்துக்கு வருவார்கள், அவ்வளவுதான் மாறும்.

யாரைத் தள்ளலாம் என்று யோசிப்பதைவிட, யாரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி செய்வது பயன் தரும். பெங்களூரு வார்டு குழுக்களுக்காகக் கர்நாடக அரசு 2016 இல் வகுத்த விதிகள், நியமிக்கப்படும் 10 பேரில் குறைந்தது 3 பேர் பெண்கள், 2 பேர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர், 2 பேர் குடியிருப்போர் நலச் சங்கங்களின் பிரதிநிதிகள் என்று கணக்கு வைத்தன. நம் பள்ளி மேலாண்மைக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயக் கல்விச் சட்டம், 2009, அந்தக் குழு உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2014 ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். ஆணையர் தலைமையில் அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தங்களுக்குள் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் குறைந்தது 10 சதவீதம். அதிகாரிகளும் நியமன உறுப்பினர்களும் அந்த மேசையில் இருந்தாலும், பூக்கூடை வைத்து விற்கும் ஒரு பெண் தன் சக வியாபாரிகளின் வாக்கைப் பெற்று அதே மேசையில் உட்காருகிறார். அவரை அங்கே உட்கார வைத்தது எந்த அதிகாரியின் தயவும் அல்ல. சட்டம் எழுதியபடி எல்லா ஊர்களிலும் இது நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடக்காத இடத்தில் கேட்பதற்கு ஒரு சட்டப் பிரிவு கையில் இருக்கிறது. வார்டு குழு விஷயத்தில் அப்படிக் கேட்க நமக்கு இன்னும் வழி அமையவில்லை என்பதே என் வருத்தம்.

*

கேள்வி: நியூயார்க்கில் என் மகள் குடியிருக்கும் வட்டாரத்தில் 'கம்யூனிட்டி போர்டு' என்று ஒன்று இருக்கிறது, அதில் நம் நாட்டவர்கூட உறுப்பினராகலாம் என்கிறாள். அங்கே எப்படி ஆள் எடுக்கிறார்கள்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. நியூயார்க் நகரம் ஐந்து பெரும் பிரிவுகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் உண்டு. நகர அரசுக்கு வட்டார அளவில் ஆலோசனை சொல்லும் 59 கம்யூனிட்டி போர்டுகள் நகரம் முழுவதும் இயங்குகின்றன. 1951 இல் மன்ஹாட்டன் பிரிவின் தலைவராக இருந்த ராபர்ட் வாக்னர் அமைத்த ஆலோசனைச் சபைகளில் தொடங்கி, 1963 இல் நகரம் முழுவதற்கும் பரவி, நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தில் 1975 ஆம் ஆண்டு செய்த திருத்தத்தால் இன்றைய வடிவத்தைப் பெற்றவை இவை.

ஒரு போர்டில் 50 பேர் வரை இருக்கலாம். எல்லோரையும் நியமிப்பவர் அந்தப் பிரிவின் தலைவர். ஆனால் அவர்களில் குறைந்தது பாதிப் பேரை, அந்த வட்டாரத்தின் நகர மன்ற உறுப்பினர்கள் முன்மொழிந்தவர்களிலிருந்து அவர் எடுக்க வேண்டும். உறுப்பினராக அங்கே வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அந்த வட்டாரத்தில் வசித்தாலோ, தொழிலோ வேலையோ வேறு குறிப்பிடத்தக்க தொடர்போ இருந்தாலோ போதும். உங்கள் மகள் குடியுரிமை பெறாதவராக இருந்தாலும் அவருக்கு அங்கே வாசல் திறந்திருப்பது இதனால்தான். நகர அரசின் ஊழியர்கள் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். அரசாங்கம் தனக்குத் தானே ஆலோசனை சொல்லிக்கொள்ளாமல் இருக்க இது ஒரு வரம்பு.

பதவிக்காலம் 2 ஆண்டுகள். ஆனால் எல்லோருடைய காலமும் ஒரே நாளில் முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று பாதி இடங்கள் புதிதாக நிரப்பப்படுகின்றன. பழையவர்கள் பாதி, புதியவர்கள் பாதி என்று எப்போதும் கலந்திருப்பதால், சென்ற ஆண்டு என்ன பேசினோம் என்று நினைவு வைத்திருப்பவர்களும் புதுக் கண்ணால் பார்ப்பவர்களும் ஒரே கூட்டத்தில் இருப்பார்கள். நம் பகுதி சபைப் பிரதிநிதிகளையும் இப்படிச் சுழற்சியில் நியமித்தால், மன்றம் மாறும்போது குழுவும் ஒட்டுமொத்தமாக மாறி அனுபவம் எல்லாம் போய்விடாது.

அங்கேயும் குறைகள் இருந்தன. சிலர் பல பத்தாண்டுகளாக அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். வட்டாரத்தில் குடியேறிய புதிய மக்களின் முகம் போர்டுகளில் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 2018 நவம்பரில் நகர வாக்காளர்களிடமே இது கேள்வியாக வைக்கப்பட்டது. அவர்கள் ஒப்புதல் தந்ததால், தொடர்ந்து நான்கு முறை, அதாவது 8 ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் நீடிக்க முடியாது என்ற வரம்பு வந்தது. பல்வேறு பின்னணி கொண்டவர்களைத் தேடிச் சேர்ப்பதும், நியமனங்கள் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுவதும் பிரிவுத் தலைவர்களின் கடமையாக்கப்பட்டன. நீண்ட அனுபவம் உள்ளவர்கள் போய்விட்டால், நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டு வரும் கட்டட நிறுவனங்களின் வழக்கறிஞர்களோடு வாதிட யார் இருப்பார்கள் என்று அப்போது எதிர்ப்பும் எழுந்தது. அந்த அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் வரம்பு வேண்டும் என்பதே என் எண்ணம். அனுபவசாலி ஒருவர் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் கூட்டத்துக்கு வந்து பேசலாம், ஆனால் புதியவர் ஒருவர் இடம் காலியானால்தான் உள்ளே வர முடியும்.

சுய லாபத்துக்கும் ஆறு மாதங்கள் கூட்டத்துக்கு வராமல் இருப்பதற்கும்கூட அங்கே விதி இருக்கிறது. ஒரு தீர்மானத்தால் தமக்கு நேரடியான பண லாபம் வரக்கூடும் என்றால் அந்த உறுப்பினர் அதில் வாக்களிக்கக் கூடாது. ஆறு மாத காலத்தில் பெரும்பாலான கூட்டங்களுக்கு வராதவரைப் பிரிவுத் தலைவரோ போர்டின் பெரும்பான்மையோ நீக்கலாம்.

அமெரிக்காவில் இன்னொரு சட்டத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் 1975 இல் வந்த மேடி சட்டப்படி, ஒவ்வொரு நகரமும் மாவட்டமும் அடுத்த ஆண்டில் எந்தெந்தக் குழுவில் எந்தெந்த இடம் காலியாகப்போகிறது, அதற்கு என்ன தகுதி வேண்டும் என்ற பட்டியலை டிசம்பர் 31 க்குள் வெளியிட வேண்டும். எதிர்பாராமல் ஓர் இடம் காலியானால் 20 நாட்களுக்குள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் குறைந்தது 10 வேலை நாட்கள் கழியாமல் நிரந்தர நியமனம் செய்யக் கூடாது. யாரை நியமிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இடம் காலியாக இருக்கிறது என்பதை ஊருக்குச் சொல், சொன்ன பிறகு சில நாள் பொறு என்பது மட்டுமே அதன் கட்டளை. நம் விதிகளில் சேர்ப்பதற்கு ஒரே ஒரு வரிதான் இடம் இருக்கிறது என்றால், நான் இந்த வரியைத்தான் கேட்பேன்.

*

கேள்வி: உத்திரமேரூர் கல்வெட்டில் சொன்ன குடவோலை முறையில் இந்தக் குழுக்களுக்கு ஆள் எடுத்தால் சிபாரிசுக்கே இடமிருக்காதே?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் மாவட்டத்துக்கு அண்டையிலேயே இருக்கும் அந்தக் கல்வெட்டுகளை நீங்கள் நினைவூட்டியது பொருத்தம், ஏனென்றால் அவை பேசுவது நாம் இப்போது பேசும் விஷயத்தையேதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளின் அந்தச் சாசனங்கள் மன்னனையோ அமைச்சனையோ தேர்ந்தெடுப்பதைப் பற்றியவை அல்ல. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு) போன்ற ஊர்க் குழுக்களுக்கு ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் விதிகள் அவை.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய பகுதிகளைப் போல. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டிக் குடத்தில் இட்டு, மகாசபை கூடியிருக்க, குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள். ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏந்த வேண்டும். வாசித்த பெயரை அங்கிருந்த நம்பிமாரும், அதாவது கோயில் பூசகர்களும், வாசிக்க வேண்டும். கையில் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிடும் ஆட்கள் அன்றும் இருந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் விரல் விரிப்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

நாம் கற்க வேண்டியது குடத்தைவிட, குடத்துக்குள் ஓலை போவதற்கு முன் வைத்த நிபந்தனைகளிலிருந்துதான். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வரக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக் கூடாது. நியூயார்க் 2018 இல் கொண்டுவந்த தொடர் பதவி வரம்பு, இங்கே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைவிடக் கடுமையாக இருந்தது.

ஆனால் யாருடைய பெயர் ஓலையில் எழுதப்பட்டது என்பதையும் நேராகப் பார்க்க வேண்டும். அது ஒரு பிராமண ஊர்ச் சபை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது ஒரு நில அளவு) மேல், சொந்த மனையில் வீடு, 35 க்கு மேல் 70 க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகளாக இருந்தன. அந்த ஏரித் தண்ணீரில் வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. சீட்டுக் குலுக்குவது நேர்மையாக நடந்தாலும், குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த நேர்மையால் ஒரு பயனும் இல்லை.

இன்றைக்குச் சீட்டு முறையைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனத்தில் கொண்டிருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிச் சமூகம் என்னும் சிறிய தன்னாட்சிப் பகுதி 2019 இல் சட்டம் இயற்றி, சீட்டின் மூலம் எடுக்கப்படும் மக்கள் அவைகளை நிரந்தரமாக அமைத்திருக்கிறது. முதலில் ஏராளமான பேருக்குச் சீட்டு முறையில் அழைப்புக் கடிதம் போகிறது. வர விருப்பம் தெரிவித்தவர்களிடமிருந்து, ஆண், பெண், வயது, கல்வி, வசிப்பிடம் ஆகியவை ஊரில் உள்ள விகிதத்தில் அமையும்படி இரண்டாம் முறை எடுக்கிறார்கள். அவர்கள் தரும் பரிந்துரைகளுக்கு அந்தப் பகுதியின் நாடாளுமன்றம் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் வார்டு குழுவுக்கு முழுவதும் சீட்டு என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்துப் பேரில் பாதியைச் சீட்டு முறையிலும் மீதியை விண்ணப்பம் கோரியும் எடுக்கலாம். நேரமும் முனைப்பும் உள்ளவர்கள் விண்ணப்பம் எழுதுவார்கள். கட்டட வேலைக்குப் போகிறவரும் வீட்டு வேலைக்குப் போகிறவரும் எழுத மாட்டார்கள், அவர்களைத் தேடிச் சென்று அழைக்கச் சீட்டு உதவும்.

*

கேள்வி: எனக்கு வயது 19. இந்தக் குழுக்களில் எல்லாம் பெரியவர்களே இருக்கிறார்களே, நாங்கள் சேர முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முடியும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் இன்றே நீங்கள் பகுதி சபையின் உறுப்பினர். நியூயார்க்கில் 2014 முதல் 16, 17 வயதினரையே போர்டுகளில் சேர்க்கிறார்கள். உங்கள் பகுதி சபை அடுத்து எந்த நாளில், எந்த இடத்தில் கூடுகிறது என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு, தோழிகள் இரண்டு பேரையாவது அழைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் பேச எழுபவரைவிட, கூட வந்தவர்கள் தலையசைக்கப் பேசுபவரின் சொல் கூட்டத்தில் எடுபடும்.

*

கேள்வி: வார்டு குழு சொல்வதை மாநகராட்சி கேட்டே ஆக வேண்டுமா? கேட்கத் தேவையில்லை என்றால் நல்லவர்கள் ஏன் இதற்கு வருவார்கள்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஆலோசனையை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. அங்கே நிலப் பயன்பாட்டை மாற்றும் வழக்கமான விண்ணப்பம் ஒன்று வந்தால், கம்யூனிட்டி போர்டுக்கு 60 நாட்கள் கொடுக்கிறார்கள். அதற்குள் போர்டு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, தன் பரிந்துரையை எழுதி அனுப்புகிறது. அடுத்த கட்டத்தில் இருப்பவர்கள் அதை மறுக்கலாம். ஆனால் போர்டு என்ன சொன்னது என்பது கோப்பில் இருக்கும். மறுப்பவர் அந்தத் தாளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நல்லவர்கள் வருவதும் தங்குவதும் இதைப் பொறுத்தே அமைகிறது. தொண்டு செய்ய வருகிறவர் சம்பளத்தை எதிர்பார்ப்பதில்லை. தாம் சொன்னது எங்கோ எழுதப்பட்டது, அதற்கு யாரோ பதில் சொன்னார்கள் என்பதை எதிர்பார்க்கிறார். தெருவிளக்கு எங்கே வேண்டும், குப்பை எடுக்கும் வண்டி எந்தத் தெருவைத் தவறவிடுகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்திலும் அதையே சொல்ல நேர்ந்தால், நான்காவது கூட்டத்துக்கு அவர் வர மாட்டார். பிறகு கூட்டத்தில் இருப்பவர்கள் வேறு ஏதோ காரணத்துக்காக வந்தவர்களாக இருப்பார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் இப்போதே ஒன்று செய்யலாம். பகுதி சபை கூடும்போது, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை முதலில் படித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எந்தப் பிரிவு அலுவலர் என்ன பதில் தந்தார் என்று சொன்ன பிறகுதான் புதிய விஷயங்களுக்குப் போக வேண்டும் என்று எழுந்து கேளுங்கள். குறிப்பு இல்லை என்றால், இந்தக் கூட்டத்துக்காவது எழுதுங்கள் என்று சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் செய்து, உங்கள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.